வெள்ளிங்கிரியை மன்னிக்கப் போகும் வழியில்

சித்தெ தள்ளி உக்காருங்க கண்ணு. அந்த டப்பாவை மடியில வெச்சுட்டு எத்தனை நேரம் வருவீங்க, கீழ வையுங்க. என்னது அது, ஆயிலா? குடுங்க பாக்கலாம். சிந்தெடிக்கு. அட கெரகமே.

யாரு வண்டிக்குங்க? அப்பாவோட ஜீப்பா. எந்த வருசத்து ஜீப்பு? எழுவத்தி ரெண்டா. அப்ப ஊத்தாதீங்க. இல்ல, ஊத்துங்க, வேண்டாம்னு சொல்றதுக்கு நான் யாரு. எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணுமே தெரியாது கண்ணு, நான் சோறாக்கறவ. ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன். கிராங்குக்குப் பின்னால இருக்கற சீல் மாத்துனதா, பழசா? பேக்கிங் கார்க்கா, ரப்பரா? தெரியாதா. வீட்ல கேட்டுப்போட்டு அப்பறம் மூடியத் தொறங்க.

நீங்க மேட்டுப்பாளையம் வரைக்குமா? நாங்க காரமடையில எறங்கிருவோம். நாங்கன்னா, அதோ, டிரைவருக்குப் பின்னாடி சீட்ல வெள்ளைச் சட்டை போட்டுட்டு, மடியில துணிப்பை வெச்சுட்டு. அவருதான் எங்கூட்டுக்காரரு. எந்தப் பஸ்ஸுல ஏறுனாலும் அங்கதான் உக்காருவாரு. டிரைவர் கியர் போடறதப் பாக்கோணுமாம். டிரைவர் தப்பாப் போட்டா இவருக்கு வயிறு வலிக்கும்.

எங்கூட்ல ஒரு வண்டி இருக்குதுங்க. அறுவத்தொண்ணாவது வருசத்து வண்டி. இங்கிலாந்துக்காரன் பண்ணுனது, பேரு என்ற வாயில நுழையாது. ரெண்டே ரெண்டு சீட்டு. மேல கூரை கெடையாது, துணிதான். தரையோட தரையாப் போகும், உள்ள உக்காந்தா லாரிச் சக்கரம் நம்ம கண்ணுக்கு நேரா சுத்தும். ஸ்போர்ட்ஸ் காராமா. இருவத்தேழு வருசத்துக்கு முன்னால குன்னூர்ல ஒரு எஸ்டேட்காரங்ககிட்ட இருந்து வாங்கிட்டு வந்தாரு. அப்ப எங்களுக்குக் கைக்கொழந்தை. மூணு பேரு இருக்கற ஊட்டுக்கு ரெண்டு சீட்டு வண்டியான்னு கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வாங்கன்னாரு. நான் ஒண்ணும் அதை மனசுல வெச்சுக்கலீங்க. அன்னைக்கு ஒரு புதன்கிழமை, மழை தூறிட்டிருந்துச்சு, நான் பச்சைச் சேலை கட்டியிருந்தேன், அவ்வளவுதான் ஞாபகம்.

அந்த வண்டிக்கு வைத்தியம் பாக்கறவரு வெள்ளிங்கிரியண்ணன். ரத்தினபுரியில ஒர்க்‌ஷாப் வெச்சிருந்தாரு. கோயமுத்தூர்ல பழைய வண்டி வெச்சிருக்கறவங்க பாதிப் பேரு அவருகிட்டத்தான் போவாங்க. எங்களுக்கு மட்டும் ஊட்டுக்கே வந்து செய்வாரு. வந்தா மொதல்ல ஒரு டம்ளர் காப்பி, சக்கரை ரெண்டு பங்கு. அவரும் இவரும் அதிகமாப் பேச மாட்டாங்க. இவரு கையை நீட்டுனா அவரு என்ன ஸ்பானர் வேணுமோ அதை வெப்பாரு, கேக்கறதே இல்ல. நான் உப்பு வேணுமான்னு மூணு தடவை கேட்டாத்தான் இவரு நிமிந்து பாப்பாரு. அந்த மாதிரி ஒரு கூட்டு அவங்களுக்குள்ள.

தை மாசமானா பழைய வண்டிக்காரங்க சங்கத்துல ஒரு ஓட்டம் வெப்பாங்க. ரேஸ்கோர்ஸ்ல கெளம்பி குன்னூரு போயி நிக்கோணும். பந்தயமெல்லாம் இல்லீங்க. வண்டி தானா மலை ஏறோணும், அவ்வளவுதான் கணக்கு. இவரு ஒரு வருசம் விடாம இருவத்தி நாலு தடவை ஏத்திட்டாரு. போன தையில ஏத்துனா இருவத்தஞ்சுன்னு கணக்கு. அந்தச் சங்கத்துல இருவத்தஞ்சு முடிச்சவங்க யாருமே இல்ல. கேடயம் அடிச்சு பேரெல்லாம் எழுதி வெச்சுட்டாங்க. இந்தத் தடவை நீயும் பக்கத்துல உக்காந்து வாரியான்னு என்னைக் கேட்டாரு. பாக்கலாம்னு சொல்லிப்போட்டு, உள்ள போயி எந்தப் பொடவைன்னு எடுத்து வெச்சுட்டேன்.

இப்ப எண்ணெய் கதைக்கு வர்றேன். வண்டி எண்ணெய் இல்ல, சமையல் எண்ணெய். அது சொன்னாத்தான் இது புரியும்.

மூணு வருசத்துக்கு முன்னால இவருக்கு நெஞ்சுல அடைப்பு. ஸ்டென்ட் வெச்சு அனுப்புனாங்க. எண்ணெயக் கொறைங்கன்னாரு டாக்டர். கொறைக்கறதென்ன, மாத்தியே போடலாம்னு நான் முடிவு பண்ணுனேன். செக்குல ஆட்டுன கடலெண்ணெய். இவரு வேண்டவே வேண்டாங்கறாரு. வாடை ஆகாதாம், பழகுன டின் எண்ணெயத்தான் நாக்கு கேக்குதாம். சரீன்னு சொல்லிட்டு நான் என்ன பண்ணுனேன், செக்கெண்ணெய வாங்கியாந்து அந்தப் பழைய டின்னுலயே ஊத்தி வெச்சுட்டேன். ஆறு மாசம் சாப்பிட்டாரு கண்ணு. தோசை இப்படி மொறுமொறுன்னு வருது பாத்தியா, இதுக்குத்தான் எண்ணெய மாத்தாதேன்னேன்னு எனக்கே பாடம் நடத்துனாரு. அடுத்த செக்கப்புல எல்லாம் சுத்தமா இருக்குதுன்னுட்டாரு டாக்டர். மாத்திரையும் முழுங்குனாருதான், இல்லைங்கல. மாத்திரை ஊரே முழுங்குது.

அப்பறம் ஒரு நாள் ஒறம்பரையெல்லாம் வந்திருக்கையில, எல எடுக்கற நேரத்துல நான் உண்மையச் சொன்னேன். இவரு சிரிச்ச சிரிப்பு இருக்குதே, கண்ணுல தண்ணி வந்துருச்சு. சங்கம் முழுக்க அதையே சொல்லித் திரிஞ்சாரு. என்ற ஊட்டுக்காரி என்னை ஏமாத்திப் பொழைக்க வெச்சுட்டான்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்பறம்தான் இது. என்ற தம்பி பையன் கார் கம்பெனியில இருக்கறான். மார்கழியில ஊட்டுக்கு வந்தவன், இப்பல்லாம் சிந்தெடிக் ஆயில்தான் அத்தை, எஞ்சினுக்குள்ள இருக்கற அழுக்கையெல்லாம் கழுவிக் கொண்டாந்துரும், எஞ்சினுக்கு ஆயுசு கூடும்னான். அழுக்கைக் கழுவும்னதும் எனக்கு இவரு நெஞ்சடைப்புத்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. ராத்திரி சோறு போடும்போது மெதுவாக் கேட்டேன். இவரு கையை ஒதறிட்டு, அந்த வண்டிக்குக் கட்டி ஆயில்தான் ஆகும், புதுசெல்லாம் அதுக்கு ஒத்துக்காதுன்னாரு. அதே மூஞ்சி, அதே பேச்சு. வாடை ஆகாதுங்கற ஒண்ணுதான் பாக்கி.

ஓட்டத்துக்கு முன்னால எப்பவும் இவரு ஆயில் டப்பாவை முன்கூட்டியே வாங்கியாந்து மாடிப்படிக்கு அடியில வெச்சுருவாரு. மூடியத் தொறந்து மோந்து பாத்து, ரெண்டு வெரல்ல தேச்சுப் பாத்துத்தான் வெப்பாரு. கலப்படமா இருக்குமோன்னு. அதனால சீலு ஒடைஞ்சுதான் இருக்கும். இவரு முடி வெட்டப் போன நேரத்துல நான் அந்தக் கட்டி ஆயில ஒரு குடத்துல ஊத்திப்போட்டு, டப்பாவைக் கவுத்தி வடிய வெச்சு, சிந்தெடிக்க ஊத்தி மூடி வெச்சுட்டேன். ஒரு சொட்டு சிந்தலீங்க. இருக்கறதுலயே ஒசத்தியானதாப் பாத்துத்தான் வாங்குனேன். குன்னூர்ல கேடயத்தக் கையில வாங்குன ஒடனே சொல்லோணும்னு இருந்தேன். எல்லாரும் சிரிப்பாங்க, போட்டோ எடுப்பாங்கன்னு நெனச்சேன்.

வெயாழக்கெழமை வெள்ளிங்கிரியண்ணன் வந்தாரு. பழைய ஆயில வடிச்சாரு. டப்பாவைச் சாய்ச்சு ஊத்தும்போது ஒரு நிமிசம் நிறுத்துனாரு. என்னங்க, இந்தத் தடவை இத்தனை எளசா எறங்குதுன்னாரு. எனக்கு அடுப்படியில கையும் ஓடல காலும் ஓடல. இவரு போன்ல சங்கத்துக்காரங்ககிட்டப் பேசிட்டே, புதுச் சரக்கா இருக்கும், ஊத்து ஊத்துன்னாரு. இவரேதான் சொன்னாரு. அது இவருக்கு இன்னைக்கு வரைக்கும் ஞாபகமில்ல. வெள்ளிங்கிரியண்ணன் ஊத்துனாரு, வழக்கம்போலக் கழிவு ஆயிலையும் காலி டப்பாவையும் எடுத்துட்டுக் கெளம்பிட்டாரு.

ரெண்டு நாள் வண்டி ஓடுன அழகு இருக்குதே. ஒரு தட்டல் இல்ல, ஒரு முக்கல் இல்ல. இவரு வடவள்ளியச் சுத்திச் சுத்தி வந்தாரு. வெள்ளிங்கிரி கையில என்னமோ இருக்குதுடீங்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பண்ணுனது நானு, பேரு வாங்கறது அவரு. அப்பவே சொல்லியிருப்பேன். கேடயம் வரட்டும்னு நாக்கைக் கடிச்சுட்டிருந்தேன்.

ஞாயித்துக்கெழமை ரேஸ்கோர்ஸ்ல கொடி ஆட்டுனாங்க. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். இருவத்தேழு வருசத்துல அந்தச் சீட்ல அத்தனை தூரம் நான் உக்காந்ததில்லீங்க. மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு தாண்டி மலை ஏறுது. காத்துல என்ற முந்தானை பறக்குது, இவரு ஒரு கையில அதைப் புடிச்சு மடியில சொருகி விடறாரு. ரோட்டுல போறவங்கெல்லாம் கை காட்டறாங்க. எனக்கு எதுக்குங்க இந்த வண்டியெல்லாம், எனக்குப் புடிக்கவே புடிக்காது. ஆனா அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

நாலாவது வளைவுலயே நான் பாத்துட்டேன். ஆயில் அழுத்தங் காட்டற முள்ளு. நாப்பதுல நிக்க வேண்டியது முப்பதுல நின்னுச்சு. அஞ்சாவது வளைவுல இருவது. இவரு ரோட்டப் பாத்துட்டு வர்றாரு, நான் முள்ளப் பாத்துட்டு வர்றேன். சொல்லலாமா வேண்டாமா. ஆறாவது வளைவுல எஞ்சின் திணறுது, தீஞ்ச வாடை வருது. அப்பத்தான் இவரு முள்ளப் பாத்தாரு. டக்குன்னு நிறுத்திட்டாரு. எறங்கிப் பின்னால பாத்தா, வந்த ரோடு நெடுக ஒரு கறுப்புக் கோடு. மூணு நாளைக்கு முன்னால ஊத்துன புது ஆயில், தாராட்டம் கறுத்துப்போயிக் கெடக்குது.

மத்த வண்டியெல்லாம் எங்களத் தாண்டி மேல போகுது. ஆரன் அடிச்சுட்டு, கை காட்டிட்டு. இவரு பானெட்டு மேல கைய வெச்சுட்டு நின்னாரு. கண்ணு நெறஞ்சிருச்சு. நெஞ்சடைப்பு வந்தப்பக்கூட அழாத மனுசனுங்க அவரு. நான் தண்ணி பாட்டில நீட்டுனேன், வாங்கவே இல்ல. வண்டியத் தூக்கிட்டுப் போற லாரி வந்துச்சு. அதுல உக்காந்து மலை எறங்கும்போது இவரு சொன்ன மொத வார்த்தை, வெள்ளிங்கிரி ஆயில மாத்திப்போட்டான்னு.

நான் அப்பச் சொல்லியிருக்கலாம்தான். லாரிக்காரரு வேற கூட இருந்தாரு. வெளியாளுக்கு முன்னால ஊட்டு விசயத்தப் பேசறது நமக்குப் பழக்கமில்லீங்களே.

பொழுதோட வெள்ளிங்கிரியண்ணன் ஓட்டமா வந்தாரு. வண்டிக்கு அடியில படுத்து ஒரு சொட்டு எடுத்து வெரல்ல தேச்சாரு, மோந்தாரு. இது நம்ம ஆயில் இல்லீங்க, சிந்தெடிக்குன்னுட்டாரு. அப்பறம் வெவரமாச் சொன்னாரு. அந்தக் காலத்து எஞ்சினுக்குப் பின்னால சரியான சீலே கெடையாதாம். அறுவது வருசத்து அழுக்குத்தான் அந்தச் சந்துல படிஞ்சு சீலா நின்னிருக்குது. இந்த ஆயில் போயி அதைக் கழுவிருச்சு. அழுக்கு வெளிய வந்துச்சு, பின்னாலயே ஆயிலும் வந்துருச்சு. அத்தோட இது எளசு ஆயில் வேற, தேஞ்ச எஞ்சினுக்கு அழுத்தம் நிக்கலியாம். ஆயிலக் குத்தம் சொல்லக் கூடாதுங்க, நல்ல ஆயில்தான், சீல் போட்ட எஞ்சினுக்கு ஊத்துனா ராஜாவாட்டம் ஓடும்னாரு. கேட்டீங்களா, நல்ல ஆயில்தானாமா. நான் மோசமானத வாங்கல.

இவரு அண்ணனைப் பாத்து ரெண்டே கேள்விதான் கேட்டாரு.

"நீதான ஊத்துன?"

"நாந்தானுங்க ஊத்துனேன்."

"அப்பறம் எதுக்குக் காலி டப்பாவைத் தூக்கிட்டுப் போன?"

இருவத்தேழு வருசமாத் தூக்கிட்டுத்தான் போறாரு அந்த மனுசன். வெள்ளிங்கிரியண்ணன் மெல்லத் திரும்பி அடுப்படிப் பக்கம் பாத்தாரு. நான் காப்பி டம்ளரோட கதவு நெலவுகிட்ட நின்னிருந்தேன். ஒரு நிமிசம் பாத்தாரு, அவ்வளவுதான். தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. காப்பி குடிக்காமப் போயிட்டாரு.

அவருக்குத் தெரிஞ்சுபோச்சு கண்ணு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இந்தம்மாவைக் கேளுங்கன்னு கையக் காட்டியிருந்தா நான் மறுத்திருப்பேனா? வாயை மூடிட்டு நின்னாரு. அது அவரு தப்பா, என்ற தப்பா?

இவரு சங்கத்துல போயிச் சொல்லிட்டாரு. நல்ல ஆயில எடுத்துட்டு வேற எதையோ ஊத்துனான்னு. ஒருத்தரு அவரு ஒர்க்‌ஷாப்புல இருந்து வண்டிய எடுத்துட்டுப் போனாரு, ரெண்டு பேரு எடுத்துட்டுப் போனாங்க, மாசி முடியறதுக்குள்ள செட்டே காலி. முப்பத்தஞ்சு வருசம் ஒரு போல்ட்டு கொறைஞ்சுதுன்னு யாரும் சொல்லாத மனுசன். ரத்தினபுரி செட்டப் பூட்டிட்டு, காரமடையில மக ஊட்டோட போயிட்டாரு. அங்க ஒரு டிராக்டர் செட்டுல கூலிக்கு நிக்கறாராமா. டிராக்டருக்கு. அந்தக் கை.

என்ன அப்படிப் பாக்கறீங்க? நான் பொய் ஒண்ணும் சொல்லலீங்களே. யாராச்சும் என்னைக் கேட்டாங்களா? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். கேக்காததச் சொல்ற பழக்கம் எனக்குக் கெடையாது.

ஒரு வாரத்துக்கு முன்னால இவரு திடீர்னு சொல்றாரு. வேற நாலு மெக்கானிக்கு வந்து பாத்துட்டாங்க, ஒருத்தருக்கும் அந்த எஞ்சின் பிடிபடல. எத்தனை நாளைக்கு மூஞ்சியத் தூக்கிட்டிருக்கறது, நான் வெள்ளிங்கிரிய மன்னிச்சுட்டேன், போயிக் கூட்டியாறலாம்னாரு. அந்தத் துணிப்பையில என்ன இருக்குதுன்னு நெனைக்கறீங்க? வேட்டி, சட்டை, ஆப்பிள் பழம். மன்னிக்கறதுக்கு எடுத்துட்டுப் போறாரு. மூணு நாளாக் கண்ணாடிக்கு முன்னால நின்னு பேசிப் பேசிப் பாக்கறாரு. மனுசன்னா தப்புப் பண்றது சகஜம் வெள்ளிங்கிரி, நான் மறந்துட்டேன், நீயும் மறந்துரு. இந்தா இப்பக்கூட ஒதடு அசையுது பாருங்க.

வெள்ளிங்கிரியண்ணன் என்ன பண்ணுவாருன்னு எனக்குத் தெரியும். கையக் கட்டிட்டுக் கேட்டுக்குவாரு. சரீங்கம்பாரு. வேட்டியையும் வாங்கிக்குவாரு. நான் அங்க நின்னு பாக்கோணும். அதை நெனச்சாத்தான் மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. வெக்கமா இருக்குது. அவரு என்னை நாலு வார்த்தை திட்டிப்போட்டாக்கூட நான் நிம்மதியாத் தூங்குவேன்.

என்னது? இப்பவே அவருகிட்டச் சொல்லிரோணுமா? பஸ்ஸுலயா? ஸ்டென்ட் வெச்ச மனுசன். நாலு பேரு இருக்கற எடத்துல எப்படிங்க. எறங்குன பொறகு சொல்றேனே. எறங்குனா வெள்ளிங்கிரியண்ணன் ஸ்டாப்புலயே வந்து நின்னிருப்பாரு, போன் பண்ணியிருக்குது. ஆமா, அதுவும் செரிதான். அவரு மூஞ்சியப் பாத்துட்டா எனக்கு மறுபடியும் வாய் வராது.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டிருச்சா? எப்பத் தாண்டுச்சு? காரமடை கிட்ட வந்துருச்சே.

ஏனுங்க. ஏனுங்க, இங்க பாருங்க. இல்லீங்க, ஸ்டாப்பு வரல, உக்காருங்க. ஒண்ணு சொல்லோணும். ஆயில மாத்துனது வெள்ளிங்கிரியண்ணன் இல்லீங்க. நானுங்க. நீங்க முடி வெட்டப் போயிருக்கையில நாந்தான் டப்பாவுல மாத்தி ஊத்தி வெச்சேன். அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க.

கேட்டுருச்சு. பஸ்ஸுல எல்லாத்துக்கும் கேட்டுருச்சு. கண்டக்டரு டிக்கெட்டக் கிழிக்காம நிக்கறாரு பாருங்க.

சிரிக்க மாட்டேங்கறாரு. திட்டவும் மாட்டேங்கறாரு. எந்திரிச்சு இங்கதான் வர்றாரு. கம்பியப் புடிச்சுட்டு வர்றாரு. நீங்க போயிராதீங்க கண்ணு, பக்கத்துலயே இருங்க.

"இப்ப நான் வெள்ளிங்கிரிகிட்டப் போயி என்னன்னு சொல்லட்டும்?"

என்னைத்தான் கேக்கறாரு. நாலு மாசமா நானும் அதையேதானுங்க யோசிச்சுட்டு இருக்கறேன்.

காரமடை வந்துருச்சு. அதோ நிக்கறாரு, காக்கிச் சட்டையில, எளச்சுப் போயிட்டாரு. ஏனுங்க, வாங்க எறங்கலாம். நீங்க முன்னால போங்க. நீ முன்னால போங்கறாரு. இல்லீங்க, நீங்க போங்க. கண்டக்டர் தம்பி, விசில் அடிச்சறாதீங்க, சித்தெ நிறுத்துங்க, ரெண்டு பேரும் எறங்கோணும்.